ஆக்சிடெண்ட் சாவுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு? டெல்டாவுல திரும்பத் திரும்ப கேட்ட கேள்விகள்

ஒரு சுகாதார ஆய்வுக்காக திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் ஊர் ஊரா போயி, "வீட்டுல யாரு தவறிப்போனாங்க, எப்படி ஆச்சு"ன்னு கேட்டு எழுதற வேலை சில வருஷம் பாத்தேன். நான் கேட்டு முடிச்சதும் அவங்க ஒரு டீயைக் குடுத்துட்டு என்னைய கேக்க ஆரம்பிப்பாங்க. ஊரு மாறும், கேள்வி மாறாது. கேட்டவங்க வாய்வார்த்தையிலயே கீழ போட்டிருக்கேன். நான் டாக்டர் இல்ல, ஃபாரம் நிரப்பின ஆளு, அதை மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

ஆக்சிடெண்டுன்னாலே எதிர்பாக்காம நடக்கறது, விதி முடிஞ்சா போக வேண்டியதுதான், இதுல ஆராய்ச்சிக்கு என்ன தம்பி இருக்கு?

ஒருத்தருக்கு என்னைக்கு நடக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது, அது சரிதான். ஆனா ஒரு தாலுக்காவுல எந்த மாசம் என்ன மாதிரி நடக்கும்னு நம்ம ஊரு ஆளுங்களே சொல்லிடுவாங்க. மேட்டூர்ல தண்ணி இருந்தா ஜூன் 12 தொறப்பான், அது கடைமடைக்கு வந்து சேர்ற நாள்லேர்ந்து ஆத்துல, வாய்க்கால்ல முங்கினான்னு சேதி வரும், ஆடிப்பெருக்குக்கு இன்னும் கொஞ்சம். மழை புடிச்சா பாம்பு, கரண்டு. தை மாசம் அறுப்பு மிஷினும் டிராக்டரும் ராத்திரி பகலா ஓடறப்ப ரோட்டுல அடி. விதிக்கு இப்படி ஒரு காலண்டர் இருக்குமா?

ஜான் கார்டன்னு அமெரிக்காவுல ஒரு பொது சுகாதாரப் பேராசிரியர் 1949லயே இதைத்தான் எழுதினாரு, காலரா மாதிரியே காயத்துக்கும் எடம், காலம், ஆளுன்னு ஒரு ஒழுங்கு இருக்கு, அதே முறையில ஆராயலாம்னு. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2001ல 'ஆக்சிடெண்ட்'ங்கற வார்த்தையையே எங்க பத்திரிகையில போட மாட்டோம்னு அறிவிச்சுது, ஏன்னா அந்த வார்த்தையைச் சொன்ன ஒடனே கேள்வி கேக்கறதை நிறுத்திடறோம்னு. நான் இதுல ஆக்சிடெண்டுன்னுதான் எழுதறேன், ஏன்னா 'உள்நோக்கமில்லாத காயம்'னு சொன்னா டீக்கடையில எந்திரிச்சுப் போயிடுவாங்க.

எல்லாத்துக்கும் காரணம் கவனக்குறைவுதானே சார், இதுக்கு மேல என்ன எழுதப் போறீங்க?

இதுதான் நான் ஜாஸ்தி கேட்ட கேள்வி, எனக்கு ஜாஸ்தி எரிச்சல் வந்த கேள்வியும் இதுதான். கவனக்குறைவு இருக்கலாம். ஆனா மனுஷன்னா ஒரு நாள்ல அம்பது தடவை கவனம் தப்பும், அதுல நாப்பத்தொம்பது தடவை ஒண்ணும் ஆகறதில்ல. அந்த ஒரு தடவை சாவுல முடியறதுக்கு என்ன இருந்துச்சு அங்கன்னு பாக்கறதுதான் இந்த ஆராய்ச்சி.

வில்லியம் ஹேடன்னு ஒரு டாக்டர், 1966ல அமெரிக்காவுல நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஆரம்பிச்சப்ப அதுக்கு மொத தலைவரா இருந்தவரு. அவரு ஒரு கட்டம் போட்டாரு. மேலேர்ந்து கீழ மூணு வரி: நடக்கறதுக்கு முன்னாடி, நடக்கற அந்த நிமிஷம், நடந்ததுக்கு அப்புறம். பக்கவாட்டுல ஆளு, அடிச்ச பொருளு, சுத்தி இருக்கற சூழல். இப்ப கும்பகோணத்துல 2004 ஜூலை 16 அன்னைக்கு பள்ளிக்கூடத்துல நடந்ததை எடுத்துக்குங்க, 94 புள்ளைங்க. சமையல் கொட்டகையில தீ பட்டுச்சு, யாரோ கவனமா இல்லன்னு முடிச்சா ஒரு கட்டம்தான் நெறையும். மேல ஓலைக்கூரை, அதுக்கு கீழ வகுப்பு, எறங்கறதுக்கு குறுகலான படி, இதெல்லாம் வேற வேற கட்டம். அதுல எந்த ஒண்ணு மாறியிருந்தாலும் எண்ணிக்கை மாறியிருக்கும். அப்புறமா பள்ளிக்கூடத்துல ஓலைக்கூரையே கூடாதுன்னு எடுத்தாங்களே, அது யாரையும் 'கவனமா இரு'ன்னு சொல்லல பாருங்க, அந்தக் கட்டத்தையே அழிச்சுது.

அதே மாதிரி தஞ்சாவூர் பக்கம் களிமேட்டுல 2022 ஏப்ரல் 27 தேர். மேல போற ஹை டென்ஷன் லைன் தட்டி 11 பேரு. தேரை இழுத்தவங்களுக்கு கவனம் இல்லன்னு யாராவது சொல்ல முடியுமா? கம்பி ஒசரம், தேர் ஒசரம், ரோட்டு ஒசரம், தேர் வர்ற நேரத்துல லைனை ஆஃப் பண்றது, எல்லாமே அளந்து மாத்தக்கூடிய சங்கதி.

ரோட்டுலதானே நிறைய பேர் சாகறாங்க, அதை மட்டும் பாத்தா போதாதா?

ரோடுதான் மொதல்ல. 2022ல இந்தியாவுல 1,68,491 பேரு ரோட்டுல செத்தாங்கன்னு மத்திய போக்குவரத்து அமைச்சகத்தோட கணக்கு, அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில மொத எடம் நம்ம தமிழ்நாடுதான். ஆனா ரெண்டாவதா வர்றதை யாரும் சரியா சொன்னதில்ல. கீழ விழறது. உலக சுகாதார நிறுவனம் சொல்றபடி உலகத்துல வருஷத்துக்கு சுமார் 6,84,000 பேரு விழுந்து சாகறாங்க, அதுல வயசானவங்கதான் அதிகம். ஆத்தா கொல்லையில வழுக்கி விழுந்து இடுப்பு ஒடைஞ்சு, படுத்த படுக்கையா மூணு மாசம் கெடந்து, நெஞ்சுல சளி கட்டிப் போயிட்டாங்கன்னா வீட்டுல 'வயசாயிப் போச்சு, போயிட்டாங்க'ன்னுதான் சொல்வாங்க. விழுந்ததை நாமளா கேட்டாத்தான் வெளிய வரும்.

பேப்பர்ல ஒரு கணக்கு, போலீஸ்ல ஒரு கணக்கு, நீங்க ஒரு கணக்கு சொல்றீங்க, எதைத்தான் நம்பறது?

மூணுமே பொய் இல்ல, மூணும் வேற வேற வாசல்ல நின்னு எண்ணினது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் போடற புத்தகத்துல 2022க்கு விபத்துச் சாவு 4,30,504ன்னு இருக்கு. அது போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து பதிவானது. இயற்கைக்கு மாறான சாவுன்னா முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல பிரிவு 174, இப்ப புது சட்டத்துல பிரிவு 194ன்னு எஃப்.ஐ.ஆர். போட்டு போஸ்ட்மார்ட்டம் பண்ணணும். ஒடம்பை அறுக்கக் கூடாது, பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன பேசுவாங்களோன்னு நம்ம பக்கம் எத்தனை வீட்டுல 'நெஞ்சு வலி'ன்னு சொல்லி முடிச்சிருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும்.

ஆராய்ச்சிக்காரங்க இதுக்காகத்தான் வீட்டுக்கே போறாங்க. இந்தியாவுல 'பத்து லட்சம் மரணங்கள் ஆய்வு'ன்னு பிரபாத் ஜா தலைமையில பெருசா ஒண்ணு நடந்துச்சு. நாடு முழுக்க பொறுக்கி எடுத்த ஊருங்கள்ல, செத்தவங்க வீட்டுல ஆளை விட்டு விசாரிச்சு, அதை ரெண்டு டாக்டர் தனித்தனியா படிச்சு காரணம் எழுதணும், ரெண்டு பேரும் ஒத்துப்போகலன்னா மூணாவது டாக்டர். ரோட்டுச் சாவுக்கு அந்த முறையில வந்த எண்ணிக்கை போலீஸ் எண்ணிக்கையை விட பாதி அளவுக்கு மேல கூடுதலா வந்துச்சு.

செத்த வீட்டுல போயி எத்தனை மணிக்கு, எந்த எடத்துலன்னு நோண்டறீங்களே, மனசு வருதா?

வராது. மொத வருஷம் நான் பாதி கேள்வியை முழுங்கிட்டு வந்து திட்டு வாங்கினேன். அப்புறமா புரிஞ்சுது, 'எப்படி செத்தாரு'ன்னு கேட்டா மூணு வார்த்தை வரும், 'அன்னைக்கு காலையிலேர்ந்து சொல்லுங்கம்மா'ன்னு கேட்டா முழுசும் வரும். காரியம் முடிஞ்சு கொஞ்ச நாள் விட்டுத்தான் போவோம், வேணாம்னா திரும்பிடுவோம், பேரை யாருக்கும் சொல்ல மாட்டோம். திட்டி அனுப்பின வீடு ரொம்பக் கம்மி. நெறைய வீட்டுல, இதுவரைக்கும் யாருமே எங்களை இப்படி ஒக்காந்து கேக்கலன்னுதான் சொன்னாங்க.

பாம்பு கடிச்சு வருஷத்துக்கு அம்பதாயிரம் பேர்ங்கறீங்க, எங்க ஊருல பத்து வருஷத்துல ஒருத்தர்தானே?

ஊருக்கு பத்து வருஷத்துல ஒருத்தர்னா இந்தியாவுல ஆறு லட்சத்துக்கு மேல ஊரு இருக்கு, பெருக்கிப் பாருங்க. மேல சொன்ன அதே ஆய்வை வச்சு 2020ல வந்த கணக்கு, 2000லேர்ந்து 2019 வரைக்கும் சுமார் 12 லட்சம் பேரு, வருஷத்துக்கு சராசரி 58,000. அதுக்கு முந்தின கணக்குல முக்கால்வாசிப் பேரு ஆஸ்பத்திரிக்கு வெளியிலயே செத்திருந்தாங்க, அப்ப ஆஸ்பத்திரி நோட்டுல எப்படி வரும்?

இதுல கட்டுவிரியன் கதை தனி. ராத்திரி தரையில பாய் போட்டுத் தூங்கறவங்களை கடிக்கும், பல்லு பட்ட எடம் கூட சரியா தெரியாது, வலியும் இருக்காது. விடியக்காலம் வயித்து வலி, வாந்தி, அப்புறம் கண்ணு இமை தொங்கும், பேச்சு கொழறும். வீட்டுல 'ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கல'ன்னு ஓமத் தண்ணி குடுத்துட்டிருப்பாங்க. கட்டில்ல படுக்கறது, கொசுவலையை மெத்தைக்கு அடியில சொருகறது, வரப்புல டார்ச் இல்லாம போகாம இருக்கறது, இதெல்லாம் பாட்டி வைத்தியம் மாதிரி தெரியும், ஆனா ஹேடன் கட்டத்துல மொத வரி இதுதான். கடிச்சுட்டா கயிறு கட்டறது, கீறி விடறது எதுவும் வேணாம், கடிபட்ட கையையோ காலையோ ஆட்டாம வச்சு நேரா விஷமுறிவு மருந்து இருக்கற அரசு ஆஸ்பத்திரி.

நீச்சல் தெரிஞ்சவன்தானே ஆத்துல சாகறான், தெரியாதவன் எறங்கவே மாட்டானே?

பாதி உண்மை. நீச்சல் தெரிஞ்சவன் தெனம் எறங்கறான், தெரியாதவன் கரையிலயே நிக்கறான், அப்ப செத்தவங்கள்ல தெரிஞ்சவன் ஜாஸ்தியாத்தான் இருப்பான். இதை எக்ஸ்போஷர்னு சொல்லுவாங்க, ஆபத்து கிட்ட எத்தனை தடவை போறோம்ங்கறது. அதைக் கழிச்சுட்டுப் பாத்தாத்தான் நீச்சல் காப்பாத்துதா இல்லையான்னு தெரியும்.

ஆனா கோயில் கொளத்துல பழகின நீச்சல், ஆத்துத் தண்ணியை அடைச்சு விடற சட்ரஸ் கிட்ட செல்லாது. ஷட்டருக்குக் கீழ தண்ணி விழுந்து சுழிச்சு ஆளை திரும்ப உள்ள இழுக்கும், எதிர் நீச்சல் போட்டாலும் அதே எடத்துலயே நிக்க வேண்டியதுதான். கொள்ளிடத்துல மணல் எடுத்த குழி இருக்கே, முழங்கால் தண்ணியில நடந்து போறவனுக்கு அடுத்த அடி ஆளு ஒசரம். இன்னொண்ணு, ஒருத்தன் முங்கறான்னு பின்னாடியே குதிச்சு ரெண்டு மூணு பேரு சேந்து போறது. குதிக்காதீங்க, மூடி போட்ட காலி கேன், கயிறு, நீளமா மூங்கில், வேட்டி, எது கெடைக்குதோ அதை நீட்டுங்க.

வீட்டுல ஆளு இருக்கறப்பவே புள்ள எப்படி கொளத்துல விழும், அம்மாக்காரி என்ன பண்ணிட்டிருந்தா?

சோறு வடிச்சுட்டிருந்தா. நான் சும்மா சொல்லல, வங்கதேசத்துல பல வருஷம் ஆராய்ச்சி பண்ணி எழுதினதே இதுதான். ஆறும் கொளமும் நெறைஞ்ச நாடு, நம்ம டெல்டா மாதிரியே. சாகற புள்ளைங்க பெரும்பாலும் ஒண்ணுலேர்ந்து நாலு வயசு, நேரம் காலையில ஒம்பதுலேர்ந்து மத்தியானம் ஒரு மணி, எடம் வீட்டுலேர்ந்து இருபது மீட்டருக்குள்ள இருக்கற குட்டை. அம்மா சமையல், மாடு, துணின்னு கை ஒழியாத நேரம். புள்ள சத்தமும் போடாது, ரெண்டு மூணு நிமிஷம் போதும்.

அவங்க 'கவனமா இரும்மா'ன்னு போஸ்டர் ஒட்டல. அந்த ஒம்பதுலேர்ந்து ஒரு மணி வரைக்கும் புள்ளைங்களை ஊருல ஒரு வீட்டுல ஒக்கார வச்சு பாத்துக்கறதுக்கு ஒரு பொம்பளையைப் போட்டாங்க. முங்கிச் சாகறது பெரிய அளவுல கொறைஞ்சுது. நமக்கு அதே நேரத்துல பால்வாடி ஏற்கனவே நடக்குது, சத்துணவுக்காக கட்டினது உயிரையும் காப்பாத்திட்டிருக்குன்னு நான் நெனைக்கறேன். ஆனா ரெண்டு வயசு ஆனாத்தான் சேத்துக்குவாங்க, தவழ்ந்து எந்திரிச்சு ஓட ஆரம்பிக்கற அந்த ஒண்ணுலேர்ந்து ரெண்டு வயசுக்கு நடவு நேரத்துல யாரு இருக்கா?

இடி விழுந்து சாகறது கூடவா உங்க லிஸ்ட்டுல?

ஆமா. 2022ல நாடு முழுக்க 2,887 பேருன்னு போலீஸ் கணக்கு. தெறந்த வயல்ல நிக்கறவங்க, மரத்தடியில ஒதுங்கறவங்க. புனே வெப்பமண்டல வானிலை நிலையம் விட்ட 'தாமினி' ஆப் மின்னல் எங்க விழுதுன்னு முன்கூட்டியே காட்டும், நாத்து நடற குழுவுல ஒரு ஆளு போன்ல இருந்தா போதும்.

ரோட்டுல நெல்லு காயப்போட்டா ஆக்சிடெண்டுங்கறீங்க, அப்ப நாங்க எங்க போயி காயவைக்கறது?

நீங்க கேக்கறதுதான் சரியான கேள்வி. அரைப் பக்கத்துக்கு நெல்லு, ஓரத்துல கல்லு அடுக்கி வச்சிருப்பாங்க, ராத்திரி பைக்ல வர்றவனுக்கு கல்லு தெரியாது, நெல்லு மேல பிரேக் புடிச்சா சருக்கும். போலீஸ் வந்து எடுக்கச் சொல்லும், மறுநாள் நெல்லு திரும்ப ரோட்டுக்கு வரும். ஏன்னா கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்க மாட்டான், அறுப்பு மிஷின் ஒரே நாள்ல அறுத்துக் கொட்டிடுது, களம் பத்தாது. இந்த ஆக்சிடெண்டுக்கு மருந்து காயவைக்கற களமும் டிரையரும்தான், எழுதறப்ப 'டிரைவர் கவனக்குறைவு'ன்னு எழுதிடறோம்.

ஹெல்மெட் போட்டவனும்தான் சாகறான், எங்க மச்சான் ஹெல்மெட்டோடதான் போனாரு, அதுக்கு என்ன சொல்றீங்க?

ஹெல்மெட் நெஞ்சுல ஏறின லாரிக்கு ஒண்ணும் பண்ணாது, அதை மறைக்கறதுல அர்த்தம் இல்ல. ஆனா செத்தவங்களை மட்டும் எண்ணினா கணக்கு தப்பும். சும்மா ஒரு கணக்குக்கு, ரோட்டுல நூறு பேருல தொண்ணூறு பேரு ஹெல்மெட் போடறான்னு வைங்க, செத்த பத்து பேருல அஞ்சு பேரு போட்டிருந்தான். பாக்க பாதிக்குப் பாதி மாதிரி இருக்கு. தொண்ணூறுல அஞ்சு, பத்துல அஞ்சுன்னு போட்டாத்தான் வித்தியாசம் தெரியும். உலகம் பூரா வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பாத்தப்ப ஹெல்மெட்டால சாவு சுமார் 42 சதவீதம், தலைக்காயம் 69 சதவீதம் கொறையுதுன்னு வந்துச்சு.

இது எப்படி ஆரம்பிச்சுதுன்னா, 1935ல லாரன்ஸ்னு பேரு போன ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி மோட்டார் சைக்கிள்ல விழுந்து ஆறு நாள் நெனைவு இல்லாம கெடந்து செத்தாரு. பாத்த டாக்டருங்கள்ல ஒருத்தரு ஹக் கெய்ர்ன்ஸ், மூளை சர்ஜன். அவரு அதோட விடாம ராணுவத்துல பைக் ஓட்டறவங்க தலைக்காயத்தை எல்லாம் சேத்து 1941ல கட்டுரை போட்டாரு.

எங்க ஊரு வளைவுல முனீஸ்வரனுக்கு சூலம் நட்டு கெடா வெட்டினப்புறம் ஒரு ஆக்சிடெண்டும் இல்ல, இதுக்கு உங்க ஆராய்ச்சி என்ன சொல்லும்?

சாமியைப் பத்தி ஒண்ணும் சொல்லாது, கணக்கைப் பத்தி சொல்லும். நாம சூலம் நடறது எப்ப? ஒரே வருஷத்துல நாலு பேரு போனப்புறம்தான். அப்படி அளவுக்கு மீறி மோசமான வருஷத்துக்கு அடுத்த வருஷம், ஒண்ணுமே பண்ணலன்னாலும் கொஞ்சம் கொறையத்தான் செய்யும். ஒரு மா நெலத்துல என்னைக்கும் இல்லாத வெளைச்சல் கண்டவன் அடுத்த சம்பாவுல கொஞ்சம் கம்மியா கண்டா கண்ணு பட்டுடுச்சுங்கறோம்ல, அதே கணக்குதான், தலைகீழா.

இதுல வேடிக்கை என்னன்னா ஹைவேஸ்காரங்களும் இதுல மாட்டுவாங்க. மூணு வருஷத்துல 500 மீட்டருக்குள்ள சாவோ பலத்த காயமோ உள்ள அஞ்சு விபத்து, இல்லாட்டி பத்து சாவு ஆனா அதை பிளாக் ஸ்பாட்னு குறிப்பாங்க. அங்க ஒரு விளக்கும் வேகத்தடையும் போட்டுட்டு அடுத்த வருஷம் கொறைஞ்சுடுச்சுன்னு போர்டு வைப்பாங்க. விளக்கால கொறைஞ்சுதா, தானா கொறைஞ்சுதான்னு தெரியணும்னா அதே மாதிரி மோசமான, ஆனா ஒண்ணும் பண்ணாம விட்ட வளைவுங்களோட வச்சுப் பாக்கணும். சூலத்துக்கும் அதே பரீட்சைதான். கெடா வெட்டின கையோட அந்த கருவேலங் கெளையையும் வெட்டி வளைவு தெரியற மாதிரி பண்ணிட்டீங்களான்னும் கேப்பேன், பல ஊருல ஆமான்னுதான் பதில் வந்துச்சு.

ஸ்டவ் வெடிச்சுன்னு எழுதினதெல்லாம் ஆக்சிடெண்டுதானா?

இல்லங்கறது உங்களுக்கும் தெரியும். 2001ல இந்தியாவுல தீக்காயத்துல 1,63,000 பேருக்கு மேல செத்திருக்கணும்னு லான்செட் பத்திரிகையில 2009ல ஒரு கணக்கு வந்துச்சு, போலீஸ் எண்ணிக்கை மாதிரி ஆறு மடங்கு. செத்தவங்கள்ல பாதிக்கு மேல பொண்ணுங்க, அதுலயும் பெரும்பாலும் 15லேர்ந்து 34 வயசு. பொத்தல் ஸ்டவ்வுக்கு கல்யாணம் ஆகி வந்த பொண்ணை மட்டும் பாத்து வெடிக்கத் தெரியுமா? எண்ணிக்கையை வயசு வாரியா பிரிச்சுப் போட்டாலே சில சமயம் பதில் வந்துடும், யாரும் வாக்குமூலம் குடுக்க வேண்டியதில்ல.

அடிபட்டவனைத் தூக்கினா நம்மதானே கேஸுக்கு அலையணும்?

இப்ப இல்ல. 2016ல சுப்ரீம் கோர்ட் வழிமுறையே குடுத்துச்சு, 2019ல மோட்டார் வாகனச் சட்டத்துல 134ஏன்னு சேத்தாங்க, தூக்கிட்டுப் போனவரு பேரு சொல்லணும்னு கூட கட்டாயம் இல்ல. ஹேடன் கட்டத்துல கடைசி வரி இது. 2021 டிசம்பர்லேர்ந்து நம்ம மாநிலத்துல 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' இருக்கு, மொத 48 மணி நேரம் திட்டத்துல சேந்த ஆஸ்பத்திரியில காசு கேக்கக் கூடாது.

இவ்ளோ எழுதிட்டுப் போறீங்க, எங்களுக்கு என்ன வந்துச்சு?

உங்க ஊருக்கே நேரா வந்ததுன்னு சொல்ல மாட்டேன். ஆனா பாம்புக்கடியை உலக சுகாதார நிறுவனம் 2017ல கவனிக்கப்படாத நோய் பட்டியல்ல சேத்ததுக்கும், தமிழ்நாட்டுல 2024லேர்ந்து பாம்புக்கடி வந்தா ஆஸ்பத்திரி கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்கணும்னு ஆனதுக்கும் பின்னாடி இப்படி வீடு வீடா கேட்ட எண்ணிக்கை இருக்கு. எங்க எத்தனைன்னு தெரிஞ்சாத்தான் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துல எத்தனை குப்பி மருந்து வைக்கணும்னு தெரியும்.

கொல்லைப்பக்கம் குட்டைக்கு படல் கட்டலாம்னு இருக்கேன் தம்பி, எவ்ளோ ஒசரம் கட்டணும்?

குத்தாலம் பக்கம் ஒரு வீட்டுல, பேரப்புள்ளையைப் பறிகுடுத்த ஆயா, ரெண்டாவது தடவை நான் போனப்ப கேட்டது. நாலு அடி. குச்சியை நெடுக்கா கட்டுங்க ஆயா, குறுக்குக் கட்டு குட்டைப் பக்கம் இருக்கட்டும், வீட்டுப் பக்கம் இருந்தா புள்ள ஏணியா ஏறும். கதவு விட்டா தானா சாத்திக்கற மாதிரி கல்லு கட்டித் தொங்க விடுங்க. பக்கத்துல ஒரலு, வாளி எதையும் போடாதீங்க.